இந்திய நீதிபதிகளின் சமூகப் பின்னணி: எண்கள் எப்படி வெளிவருகின்றன?

இந்தியாவின் உயர் நீதிமன்றங்களில் 2018ஆம் ஆண்டு முதல் 2023 ஜூலை நடுப்பகுதி வரை 604 நீதிபதிகள் நியமிக்கப்பட்டனர். அவர்களில் 458 பேர் பொதுப் பிரிவினர். இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் 72 பேர், சிறுபான்மையினர் 34 பேர், பட்டியல் சாதியினர் 18 பேர், பழங்குடியினர் 9 பேர். எஞ்சிய 13 பேரின் விவரம் இல்லை.

இந்தக் கணக்கை வெளியிட்டது நீதிமன்றம் அல்ல. நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட்ட கேள்விக்குச் சட்ட அமைச்சர் அர்ஜுன் ராம் மேக்வால் அளித்த பதிலில் இடம்பெற்றது. உறுப்பினர் ஒருவர் கேட்காமல் இருந்திருந்தால் அந்த எண்கள் கோப்பிலேயே கிடந்திருக்கும்.

இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்கு விண்ணப்பம் கிடையாது. அந்தந்த உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகள் இருவரும் அடங்கிய கொலீஜியம் பெயர்களைப் பரிந்துரைக்கிறது. மாநில அரசு, மத்தியச் சட்ட அமைச்சு, உச்ச நீதிமன்றக் கொலீஜியம் ஆகியவற்றைக் கடந்தபின் அதிபர் நியமிக்கிறார். 1993, 1998 தீர்ப்புகளில் உறுதியான முறை இது. இதற்கு மாற்றாக நாடாளுமன்றம் கொண்டுவந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையச் சட்டத்தை 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

இந்த நியமனங்களில் இட ஒதுக்கீடு இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 124, 217, 224ஆம் பிரிவுகள் எந்தச் சாதிக்கும் வகுப்புக்கும் இடம் ஒதுக்கவில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள் ஆகியோரில் தகுதியானவர்களைக் கவனத்தில் கொள்ளும்படி மத்திய அரசு தலைமை நீதிபதிகளைக் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். கேட்டுக்கொண்டதற்குப் பலன் உண்டா என்று அறிய எண்கள் வேண்டும். அதனால்தான் 2018 முதல் பரிந்துரைக்கப்படுவோர் ஒரு படிவத்தில் தங்கள் சமூகப் பின்னணியையும் குறிப்பிட வேண்டும் என்ற நடைமுறை வந்தது.

படிவம் காட்டுவது மகிழ்ச்சி தரும் படமல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. அந்த 604 பேரில் அவர்கள் சுமார் 3 விழுக்காடு. மக்களில் 8.6 விழுக்காடாக இருக்கும் பழங்குடியினருக்குக் கிடைத்தது 1.5 விழுக்காடு. சிறுபான்மையினர் என்ற ஒரே கட்டத்தில் முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர் எல்லாரும் அடங்கிவிடுவதால் அதற்குள் யார் எத்தனை பேர் என்பது தெரியாது.

தமிழகத்துக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதி, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து 1980 டிசம்பரில் சென்ற ஏ. வரதராஜன். உச்ச நீதிமன்றம் அமைந்து முப்பது ஆண்டுகள் கழித்து நடந்தது இது. முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி (பின்னாளில் தமிழக ஆளுநரானவர்) 1989இல் பொறுப்பேற்றார். 1950 முதல் 2021 முடிய அங்கு நியமிக்கப்பட்ட பெண்கள் மொத்தம் 11 பேர். அவர்களில் மூவர் 2021 ஆகஸ்டு 31 அன்று ஒரே நாளில் பதவியேற்றவர்கள்.

கதவு திறந்தது மெல்ல மெல்லத்தான். 2017 அக்டோபரில் கொலீஜியத் தீர்மானங்கள் உச்ச நீதிமன்ற இணையத்தளத்தில் வரத் தொடங்கின. இந்தியத் தலைமை நீதிபதியின் அலுவலகமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டதே என 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 2025 மே 5 அன்று அது இன்னும் ஒரு படி சென்றது. 2022 நவம்பர் 9 முதல் ஒப்புதல் அளித்த 221 உயர் நீதிமன்றப் பெயர்களையும் பட்டியலாக வெளியிட்டது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சமூகப் பிரிவு, பரிந்துரைத்த நாள், நியமன நாள் ஆகியவற்றோடு, பதவியில் உள்ள அல்லது ஓய்வுபெற்ற நீதிபதிக்கு உறவினரா என்ற விவரமும் இருந்தது. உறவினர் என்று காட்டப்பட்டோர் 14 பேர். நீதித்துறையில் வாரிசு ஆதிக்கம் என்று பல்லாண்டாகப் பேசப்பட்டதற்கு அன்றுதான் ஓர் அதிகாரபூர்வ எண் கிடைத்தது.

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் உதவும். 2006இல் இயற்றிய சட்டப்படி அங்கு ஆண்டுதோறும் மார்ச் 1ஆம் தேதிக்குள், பெயர்கள் இன்றி, மூன்று தரவுகள் வெளியாகின்றன. ஆளுநரிடம் விண்ணப்பித்தவர்கள், வழக்கறிஞர் கழகம் மதிப்பிட்டவர்கள், பணியில் இருக்கும் நீதிபதிகள் ஆகியோரின் இனம், பாலினம் முதலிய விவரங்கள் அவை. 2006இல் சுமார் 27 விழுக்காடாக இருந்த பெண் நீதிபதிகள் இப்போது ஏறத்தாழ 40 விழுக்காடு. விண்ணப்பித்தவர்களின் கணக்கும் இருப்பதால், குறை எங்கே என்று பார்க்க முடிகிறது: பெண்கள் விண்ணப்பிக்கவே இல்லையா, விண்ணப்பித்தும் தேர்வாகவில்லையா?

இந்தியப் பட்டியலில் அந்தப் பதில் கிடைக்காது. ஒப்புதல் பெற்றோரின் பின்னணியே அதில் உள்ளது. கொலீஜியம் நிராகரித்தவர்கள் எந்தப் பிரிவினர், உயர் நீதிமன்ற நிலையிலேயே பரிசீலனைக்கு வராமல் போனவர்கள் யார் என்பதற்கு அதில் கட்டமே கிடையாது.