மூன்றாம் இடத்தில் நடால்: செம்மண் தரையும் தரவரிசைக் கணக்கும்

2013 மே இறுதியில் பிரெஞ்சு ஓபன் தொடங்கியபோது ரஃபேல் நடால் அதனை ஏற்கெனவே 7 முறை வென்றிருந்தார். அங்கு ஆடிய 53 ஆட்டங்களில் அவர் தோற்றது ஒன்றில் மட்டுமே. முழங்கால் காயத்தால் ஏழு மாதங்கள் ஒதுங்கியிருந்துவிட்டு அவ்வாண்டு பிப்ரவரியில் களத்திற்குத் திரும்பியவர், 8 போட்டிகளில் கலந்துகொண்டு எட்டிலும் இறுதிச்சுற்றை எட்டி, ஆறில் பட்டம் பெற்றிருந்தார். ஆயினும் போட்டி அமைப்பாளர்கள் அவருக்கு வழங்கியது மூன்றாம் இடம். அதுவும் ஆண்டி மர்ரி காயத்தால் விலகியதனால் கிடைத்தது. உலகத் தரவரிசையில் அவர் அப்போது நான்காமவர்.

இங்கே ஒரு சொல்லாய்வு தேவைப்படுகிறது. நம் நாளிதழ்கள் ‘உலகத் தரவரிசை’ என்றும் ‘போட்டித் தரவரிசை’ என்றும் எழுதுகின்றன. இரண்டும் ஒரே பொருளின் இரு வகைகள் என்ற எண்ணம் எழுந்துவிடுகிறது. பின்னதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘சீடிங்’ என்பது விதைத்தலைக் குறிக்கும் சொல். விதைகளை நெருக்கமாகக் கொட்டாமல் இடைவெளிவிட்டுத் தூவுவதுபோல, வலிமை மிக்கோர் தொடக்கச் சுற்றுகளிலேயே மோதிக்கொள்ளாதவாறு அட்டவணையில் விலக்கி வைப்பதே அதன் நோக்கம். தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களில் ஈட்டிய புள்ளிகளின் கூட்டல். எந்தத் தரையில் ஈட்டியது என்று அது கேட்பதில்லை. முதலாவது, இனி நடக்கவிருப்பதைப் பற்றிய கணிப்பு. இரண்டாவது, நடந்து முடிந்ததைப் பற்றிய கணக்கு. பாரிஸில் கணிப்பின் இடத்தில் கணக்கை வைத்தார்கள்.

தரை அத்தனை முக்கியமா என்று கேட்கலாம். ‘களிமண் தரை’ என்று நாம் மொழிபெயர்த்துக்கொண்டாலும் அங்கே காலில் படுவது களிமண் அன்று; சுண்ணாம்புக்கல் அடுக்கின் மேல் ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்குத் தூவப்பட்ட செங்கற்பொடி. பந்து அதில் பட்டதும் வேகம் இழந்து உயர எழும்புகிறது. சர்வீஸ் வலிமையால் மட்டும் புள்ளி சேர்ப்பவருக்கு அது பகை. பந்துக்கு மேற்சுழற்சி கொடுத்து, சறுக்கியோடி, பத்து இருபது அடிகள் வரை பொறுத்திருந்து ஆடுபவருக்கு உறவு. விம்பிள்டனை 7 முறை வென்ற பீட் சாம்ப்ராஸ் பாரிஸில் 1996இல் அரையிறுதி வரை சென்றதே அதிகம்.

இதே சிக்கலை விம்பிள்டன் வேறு விதமாகக் கையாண்டது. புல்தரைத் திறனைக் கருதி அங்குள்ள குழுவினர் இடங்களை மாற்றியமைத்து வந்தனர். செம்மண் தரையில் தேர்ந்த ஸ்பெயின் வீரர்கள் இதனால் கொதித்தனர். 2000ஆம் ஆண்டில் அலெக்ஸ் கொரெத்யா, ஆல்பர்ட் கோஸ்டா உள்ளிட்டோர் விம்பிள்டனைப் புறக்கணித்தனர். மறு ஆண்டு, இடம் அளிக்கப்படுவோரின் எண்ணிக்கை 16இலிருந்து 32 ஆயிற்று. 2002 முதல் ஆடவர் பிரிவுக்கு ஒரு சூத்திரமும் வந்தது: தரவரிசைப் புள்ளிகளுடன், முந்தைய 12 மாதங்களில் புல்தரையில் பெற்றவை முழுமையாகவும், அதற்கு முந்தைய 12 மாதங்களின் மிகச் சிறந்த புல்தரைப் போட்டியில் பெற்றவற்றில் 75 விழுக்காடும் மீண்டும் சேர்க்கப்படும். 2021இல் அது கைவிடப்பட்டது. அத்தகைய ஒரு சூத்திரம் 2013இல் பாரிஸில் இருந்திருந்தால் நடால் இரண்டாம் இடத்துக்காவது உயர்ந்திருப்பார். முதலிடத்தில் இருந்த நோவாக் ஜோகோவிச்சை இறுதிக்கு முன் சந்தித்திருக்க வாய்ப்பில்லை.

நிகழ்ந்தது வேறு. இருவரும் அரையிறுதியில் மோதினர். 4 மணி 37 நிமிடம் நீண்ட அவ்வாட்டம் 6-4, 3-6, 6-1, 6-7, 9-7 என முடிந்தது. அட்டவணையின் மறுபாதியில், இரண்டாம் இடத்தவரான ரோஜர் ஃபெடரரை ஜோ-வில்ஃப்ரீட் சோங்கா வீழ்த்த, சோங்காவை டேவிட் ஃபெரர் வீழ்த்தினார். இறுதியில் நடால் 6-3, 6-2, 6-3 என்ற கணக்கில் ஃபெரரை எளிதில் வென்றார். இனி வருவதுதான் விந்தை. மறுநாள் வெளியான தரவரிசையில் ஃபெரர் நான்காம் இடம். கோப்பையைத் தூக்கிய நடால் ஐந்தாம் இடம்! முந்தைய ஆண்டு பெற்ற 2,000 புள்ளிகள் கழிந்து புதிய 2,000 சேர்ந்ததால் நடாலுக்கு வரவு ஏதுமில்லை. ஃபெரருக்கோ அரையிறுதியின் 720 போய் இறுதியின் 1,200 வந்தது. ஜோகோவிச்சுக்குக் கிட்டியது 720. அந்த 480 புள்ளி வேறுபாட்டை ஆட்டத்திறன் மட்டும் தீர்மானிக்கவில்லை. அட்டவணையின் எந்தப் பாதியில் பெயர் விழுந்தது என்பதற்கும் அதில் பங்குண்டு.

அப்படியாயின் தரவரிசையை விடுத்து, செம்மண் வரலாற்றை நம்பினால் போதுமா? அதற்கும் நான் தயங்குகிறேன். நடாலின் அந்த ஒற்றைத் தோல்வி 2009இல் ராபின் சோடர்லிங்கிடம் நேர்ந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் ரோம் நகரின் செம்மண்ணில் அதே சோடர்லிங்கை நடால் 6-1, 6-0 என நசுக்கியிருந்தார். ஆறு முறை வென்ற பியார்ன் போர்க் பாரிஸில் தோற்றவை இரண்டே ஆட்டங்கள், 1973லும் 1976லும். இரண்டிலும் எதிரே நின்றவர் இத்தாலியரான அட்ரியானோ பனாட்டா.

வரலாறே இல்லாதவர்களை என்ன செய்வது? 1997இல் பிரேசில் நாட்டின் குஸ்தாவோ குயெர்டன் உலக வரிசையில் 66ஆம் இடத்தவர். முதன்மைச் சுற்றுப் போட்டிகளில் ஒரு பட்டம்கூடப் பெறாதவர். அவர் மஸ்டர், கஃபெல்நிகோவ், புருகேரா என முன்னாள் சாம்பியன்கள் மூவரை இடைவிட்ட சுற்றுகளில் வென்று, ஜூன் 8 அன்று கோப்பையைப் பெற்றார். அதே நாளில் லாட்வியாவில் பிறந்த யெலினா ஒஸ்டாபென்கோ 2017இல் போட்டித் தரவரிசையில் இடமே இன்றி மகளிர் பட்டத்தை வென்றார். அதுவே அவருக்கும் முதல் பட்டம். (தற்செயல்தான், ஆயினும் இதனைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.) புள்ளிக் கணக்கும் செம்மண் கணக்கும் இவ்விருவரைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

பாரிஸ் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 2022இல் ஐந்தாம் இடம் பெற்ற நடால், முதலிடத்தில் இருந்த ஜோகோவிச்சைக் காலிறுதியிலேயே சந்திக்க நேர்ந்தது. வென்று, 14ஆவது பட்டத்தையும் பெற்றார். அப்போதெல்லாம் நான் விம்பிள்டன் சூத்திரத்தின் பக்கமே நின்று வாதிட்டேன். 2024இல் நீண்ட காயத்திற்குப் பின் அவர் வந்தபோது 32 பேரில் அவர் பெயர் இல்லை. முதல் சுற்றிலேயே, சற்றுமுன் ரோம் பட்டம் வென்றிருந்த அலெக்ஸாண்டர் ஸ்வெரெவ் எதிரே அமைந்தார். இது அநீதி என்று நண்பர்களிடம் நான் சொல்லிக்கொண்டிருக்கையில் ஆட்டம் 6-3, 7-6, 6-3 என ஸ்வெரெவ் பக்கம் முடிந்தது. அவர் அம்முறை இறுதிச்சுற்று வரை சென்றார்.