பல்லடம் கோழியும் பெரு நாட்டு மீனும்

நம்ம கொடுமுடியிலிருந்து காங்கயம் தாண்டி பல்லடம் பக்கம் போனா, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நீள நீளமா பிராய்லர் கொட்டகைதான். அந்தக் கோழிக்கும் அமேசான் காட்டுக்கும் என்னங்க சம்பந்தம்? இருக்குது, ஆனா கொஞ்சம் சுத்திப் போகோணும்.

1960ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழிக் குஞ்சுகள் செத்துப்போச்சு. பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சுதான் காரணம். கடலைப் புண்ணாக்கு மேல சந்தேகம் விழுந்தது. அடுத்து 1972ல பெரு நாட்டுக் கடல்ல நெத்திலி வகை மீன் வரத்து படுத்துடுச்சு. மீன்தூளும் போச்சு. எல்லாரும் சோயாவுக்குப் பாய, விலை எகிறி, 1973 ஜூன்ல அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. பயந்துபோன ஜப்பான் பிரேசில் பக்கம் திரும்பியது.

பிரேசிலில் முதல்ல செராடோ புல்வெளி சோயாக் காடாச்சு, அப்புறம் அமேசான் ஓரம். சான்டரெம்ல கார்கில் துறைமுகம் 2003ல வந்தது. அங்கிருந்து போன சோயா ஐரோப்பாவுல கோழிக்கறி ஆச்சு. கிரீன்பீஸ் 2006ல இதைப் போட்டு உடைச்ச பிறகு, புதுசா காடு அழிச்ச நிலத்து சோயாவை வாங்க மாட்டோம்னு வியாபாரிகள் ஒத்துக்கிட்டாங்க. செராடோ அதுல சேரலை. அந்த ஒப்பந்தத்து மேலயே 2025ல பிரேசில் போட்டி ஆணையம் விசாரணை ஆரம்பிச்சுது.

நம்ம சோயா கதை வேற. 1960கள்ல ஜபல்பூர் வேளாண் பல்கலையும் இல்லினாய்ஸ் பல்கலையும் சேர்ந்து வேலை பார்த்தாங்க. மழைக்காலத்துல சும்மா கிடந்த மத்தியப் பிரதேசத்துக் கரிசல்ல சோயா பரவுச்சு. மழைக்காடு எதுவும் போகலை. உடுமலையில 1984ல சுகுணா ஆரம்பிச்சாங்க. பின்னாடி ஒப்பந்த முறை வந்தது. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியோடது. கொட்டகை, கரண்ட்டு, உழைப்பு பண்ணைக்காரரோடது. ரெண்டு கிலோ கோழி வளர மூணு கிலோவுக்கு மேல தீவனம், அதுல கிட்டத்தட்ட ஒரு கிலோ சோயாப் புண்ணாக்கு.

2021ல அந்தப் புண்ணாக்கு விலை ரெண்டு மடங்கைத் தாண்டுச்சு. ஆகஸ்ட்ல மத்திய அரசு 12 லட்சம் டன் மரபணு மாற்று சோயாப் புண்ணாக்கை இறக்குமதி பண்ண அனுமதி கொடுத்தது. இங்க விதைக்கவே அனுமதி இல்லாத பயிர், தீவனமா மட்டும் உள்ளே வந்துச்சு! உலகச் சந்தையில அந்தச் சோயாவுக்குப் பெரிய ஆளுங்க பிரேசில், அமெரிக்கா, அர்ஜென்டினா. ஆக, அதே கயித்துல நம்ம பல்லடத்தையும் கட்டியாச்சு.

கம்பும் சோளமும் கரையானும் தின்னு வளர்ந்த கோழி நம்ம ஊர்க் கோழி. அதுக்கு என்ன போடறதுன்னு முடிவு பண்ணினது வீட்டு ஆத்தாக்கள். இன்னிக்குக் கொட்டகை கட்டி ராத்திரி பகலா முழிச்சிருக்கற மனுசனுக்கு, தீவன மூட்டைக்குள்ள என்ன இருக்கோணும்னு சொல்ற உரிமை இல்லை. எனக்கு உறுத்தறது அதுதானுங்க.