பதிவேடும் அனுமதியும்: வெள்ளவத்தை நிகழ்வுகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

கணினியைப் பயன்படுத்துவோரின் பெயர்களைப் பதிதல், அவரவர்க்குரிய அனுமதிகளை வகுத்தல், வேண்டாதவரை நீக்குதல் ஆகியன இன்று அலுவலகந்தோறும் நடைபெறும் பணிகள். இவற்றை வெறும் தொழினுட்பக் கருமங்களாகக் கொள்வதே வழக்கம். ஆயின் பெயரைப் பதிந்து, அப்பதிவின் வழியே நுழைவை அனுமதிக்கும் அல்லது மறுக்கும் முறைமை கணினிக்கு முற்பட்டது. தென்னாபிரிக்காவில் 1986 வரை நிலவிய கடவுப்பத்திரச் சட்டங்கள் யாவரும் அறிந்தவை. எமக்கு அண்மித்த உதாரணம் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையுமாகும்.

1961இல் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் கோர்பற்றோவும் அவருடன் பணியாற்றியோரும் ஒரு கணினியைப் பலர் ஒரேவேளையிற் பயன்படுத்தும் முறையைச் செய்துகாட்டினர். விலைமிக்க சாதனமொன்றைப் பலர் பங்கிடவேண்டி நேர்ந்த அச்சூழலிலேயே கணினிக் கடவுச்சொல் வழக்குக்கு வந்தது. 1969இல் தொடங்கப்பட்ட யுனிக்ஸ் முறைமை, காலப்போக்கில் ஒவ்வொரு கோப்பின் முன்னும் மனிதரை உடைமையாளர், குழுவினர், ஏனையோர் என மூவகைப்படுத்திற்று. இம்மூவர்க்கும் மேலே, இத்தடைகளுக்கு உட்படாத நிர்வாகியை நிறுத்திற்று. உடைமையுறவுகளை ஆராய்வோர்க்கு இச்சொற்கள் அந்நியமானவையல்ல. 1975இல் சோல்ட்சரும் ஷ்ரோடரும் எழுதிய கட்டுரை இத்துறைக்கு ஒரு விதியைத் தந்தது: வெளிப்படையாக அனுமதிக்கப்படாதது மறுக்கப்பட்டதாகவே கொள்ளப்படல் வேண்டும். இயந்திரத்தைப் பொறுத்தவரை இது நல்ல விதியே. அதனை மனிதர்மீது பிரயோகிக்கும்போது நேர்வது யாது என்பதே நாம் நோக்கவேண்டியது.

இலங்கையில் 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவுசெய்தல் சட்டத்தின்கீழ் 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. பழைய அட்டையின் ஒன்பது இலக்கங்களுள் முதலிரண்டும் பிறந்த ஆண்டையும் அடுத்த மூன்றும் அவ்வாண்டின் நாளையும் குறித்தன. பெண்ணாயின் நாளுடன் 500 கூட்டப்பட்டது. இலக்கத்திலே இனம் இல்லை. ஆனால் வடக்குக் கிழக்கில் வழங்கப்பட்ட அட்டைகளில் தமிழும் இடம்பெற, ஏனைய பகுதிகளில் 2014 வரை பெரும்பாலும் சிங்களம் மட்டுமே இடம்பெற்றது. காலி வீதிச் சோதனைச் சாவடியில் அட்டையை வாங்கிய சிப்பாய், பெயரை வாசிக்குமுன்னரே வேண்டியதை அறிந்துகொள்ள முடிந்தது. இலக்கம் சொல்லாததை எழுத்து சொல்லிற்று.

2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி விடுதிகளிலிருந்து 376 தமிழர் பொலிஸாரால் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்கு, கிழக்கு நோக்கி அனுப்பப்பட்டனர். கொழும்பில் தங்குவதற்கு அவர்களிடம் தகுந்த காரணமில்லை என்பது கூறப்பட்ட நியாயம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுச்செய்ய, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. பின்னர் பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். எனினும் 2008 செப்ரெம்பரில், முந்திய ஐந்தாண்டுகளுள் வடக்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்தோர் அனைவரும் பதிவுசெய்யுமாறு பணிக்கப்பட்டனர்.

நீ யார் என்பதும், உனக்கு எது அனுமதிக்கப்பட்டுள்ளது என்பதும் கணினித்துறையில் வெவ்வேறு வினாக்கள். வெள்ளவத்தையில் முதல் வினாவின் விடையே இரண்டாவதன் விடையாயிற்று. அங்கு வர்க்க வேறுபாடும் செயற்பட்டது. சொந்தத் தொடர்மாடி வீட்டிலிருந்தோரும் சோதனைக்கும் பதிவுக்கும் தப்பவில்லையாயினும், உறுதிப்பத்திரமோ தொழில் வழங்குநரின் கடிதமோ அவர்களிடம் இருந்தது. வைத்தியத்துக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்குமாக நாள்வாடகையிற் காத்திருந்தோர்க்கு அத்தகைய தாள்கள் அரிது. பேருந்தில் ஏற்றப்பட்டோர் விடுதிவாசிகளே என்பது மனங்கொளத்தக்கது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையோ நடமாடும் சுதந்திரத்தையும் வதிவிடத்தைத் தெரியும் சுதந்திரத்தையும் பிரசைக்கு உரியனவாக்கியிருந்தது. காரணங்காட்டும் பொறுப்பு தடுப்பவர்க்கே உரியது. அது தங்குபவர் தலையிற் சுமத்தப்பட்டது.

அதே 2007இல் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும் நிறைவேறியது. அதிகாரமின்றிக் கணினியுள் நுழைதல் அதன்படி குற்றமாயிற்று. ஒழுங்காகப் பேணப்படும் கணினி முறைமையில் நிர்வாகி எவரை எப்பொழுது நீக்கினார் என்பதும் பதிவாகும். அப்பதிவை அவர் தாமே அழிக்க இயலாதவாறு அமைப்பது நன்முறை. யூன் 7க்கு அத்தகைய பதிவு மக்கள் முன் வைக்கப்படவில்லை. உயிரியல் தரவுகளோடு கூடிய புதிய அடையாள முறைமை இன்று திட்டமிடப்பட்டு வருகையில், அதன் பாதுகாப்புப்பற்றி நிபுணர் பேசுவது பெரிதும் வெளியார் ஊடுருவல் பற்றியே. வெள்ளவத்தை விடுதிகளுக்கு வந்தவர்களோ வெளியாரல்லர், நிர்வாகிகள்.