மென்பொருள் செயல்திறன் மாதிரிகள்: ஒரு வரலாறு

மென்பொருளின் வேகத்தைக் கணித மாதிரியால் முன்கூட்டியே கணிக்கும் துறையின் வேர் தொலைபேசி நிலையத்தில் இருக்கிறது. அழைப்பு எப்போது வரும் என்று தெரியாதபோதும் எத்தனை இணைப்புகள் போதும் என்பதைக் கணக்கிட, கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் ஏ. கே. எர்லாங் வழி தேடினார். 1909இல் வெளிவந்த அவருடைய கட்டுரையிலிருந்து வரிசைக் கோட்பாடு வளர்ந்தது. அதன் மிக எளிய விதியை 1961இல் ஜான் லிட்டில் நிறுவினார். அதன்படி, சர்வருக்கு வினாடிக்கு 50 கோரிக்கைகள் வந்து, ஒவ்வொன்றும் சராசரியாக 2 வினாடி தங்கினால், சராசரியாக 100 கோரிக்கைகள் உள்ளே இருக்கும்.

இந்தக் கணக்கு கணினிக்கும் பொருந்தும் என்று காட்டியவர் ஆலன் ஷெர். பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்திய எம்.ஐ.டி.யின் சி.டி.எஸ்.எஸ். அமைப்பைத் தம் 1965ஆம் ஆண்டு ஆய்வேட்டுக்காக அவர் அளந்தார். டெர்மினல் முன் இருந்தவர் யோசித்துத் தட்டச்சு செய்யச் சராசரியாக 35 வினாடி ஆனது. அதைச் செயலாக்கக் கணினிக்கு ஒரு வினாடிக்கும் குறைவே பிடித்தது. இவ்விரண்டையும் பயனர் எண்ணிக்கையையும் மட்டுமே கொண்ட மாதிரி, மறுமொழி நேரத்தை அளவீட்டுக்கு நெருக்கமாகக் கணித்தது. பிராசசரையும் டிஸ்க்குகளையும் தனித்தனி வரிசைகளாகக் கொண்ட மாதிரியை 1971இல் ஜெஃப்ரி பூசன் அமைத்தார். 1980இல் ரைசரும் லாவன்பெர்க்கும் தந்த சராசரி மதிப்பு முறை அந்தக் கணக்கை மிகவும் எளிதாக்கியது.

இவை எல்லாம் இயந்திரத்தைப் பற்றிய மாதிரிகள். நிரல் அதன்மேல் விழும் சுமையாகவே இருந்தது. முதலில் ஓட வைப்போம், வேகத்தைப் பிறகு பார்ப்போம் என்பதே வழக்கம். இதை எதிர்த்து 1981இல் கோனி ஸ்மித் ‘மென்பொருள் செயல்திறன் பொறியியல்’ என்ற துறையை முன்வைத்தார். 1990இல் அதற்கு நூலும் எழுதினார். வடிவமைப்பில் செய்த பிழையைப் பின்னால் சரிசெய்ய ஆகும் செலவு மிக அதிகம் என்பது அவர் வாதம். அவருடைய முறையில் நிரலின் படிகள் ஒரு வரைபடமாகும். ஒரு திரையைக் காட்ட 200 முறை தரவுத்தளத்தை அழைக்கும் வடிவமைப்பில், ஓர் அழைப்புக்கு 5 மில்லிவினாடி என்றால் ஒரு வினாடி போய்விடும். ஒரு வரி நிரல் எழுதும் முன்பே இது தாளில் தெரிந்துவிடும்.

அடுத்த கேள்வி, மாதிரியை யார் கட்டுவது என்பது. நிகழ்தகவு பெட்ரி வலைகள், எடின்பரோவில் ஜேன் ஹில்ஸ்டன் உருவாக்கிய பெப்பா இயற்கணிதம், கார்ல்டன் பல்கலைக்கழகத்தின் அடுக்கு வரிசை வலைகள் எல்லாம் வலுவான மாதிரி முறைகள். ஆனால் வல்லுநர் கைக்கே அடங்கின. 1998இல் சாண்டா ஃபேயில் தொடங்கிய வாஸ்ப் பயிலரங்கு, மென்பொருள் பொறியாளரையும் மாதிரியாளரையும் ஒன்றுசேர்த்தது. வடிவமைப்பாளர் ஏற்கெனவே வரையும் யு.எம்.எல். படங்களில் கால அளவுகளைக் குறித்து, மாதிரியைத் தானாகவே பெறும் ஆய்வு பெருகியது. 2009இல் வந்த மார்ட்டே தரநிலை இதற்குப் பொதுக் குறியீடு தந்தது. ஜெர்மனியில் உருவான பல்லாடியோ, மென்பொருள் கூறுகளுக்குத் தனித்தனியே மாதிரி எழுதி இணைக்க வழி செய்தது.

கிளவுட் வந்தபின் நிரலும் மாறுகிறது, அது ஓடும் இயந்திரங்களின் எண்ணிக்கையும் மாறுகிறது. ஒருமுறை கட்டிய மாதிரி விரைவில் பழையதாகிவிடும். ஆகவே ஓடும் அமைப்பின் பதிவுகளிலிருந்து மாதிரியைப் பிரித்தெடுப்பது, புதிய அளவீடுகளால் அதைத் திருத்திக்கொண்டே இருப்பது, கணிப்பைப் பார்த்துச் சர்வர்களைக் கூட்டிக் குறைப்பது ஆகியவற்றில் இன்றைய ஆய்வு கவனம் செலுத்துகிறது.