அதிரப்பள்ளி: கட்டாத ஓர் அணையைப் பற்றி 40 வருஷமாக ஏன் பேசிக்கொண்டிருக்கிறோம்?

'புன்னகை மன்னன்' அருவி என்றால் உங்களுக்குச் சட்டென்று தெரியும். 'ராவணன்' படத்திலும் பார்த்திருப்பீர்கள். கேரளாவின் திருச்சூர் மாவட்டத்தில் இருக்கும் அந்த அதிரப்பள்ளி அருவிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் மேலே, சாலக்குடி ஆற்றின் குறுக்கே ஓர் அணை கட்டும் திட்டம் 1980-களில் இருந்தே பேசப்படுகிறது. இதுவரை ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. ஆனாலும் பேச்சு ஓயவில்லை. ஏன்?

திட்டம் என்ன?

கேரள மின் வாரியத்தின் 163 மெகாவாட் நீர்மின் திட்டம். வாழச்சாலுக்குச் சற்று மேலே 23 மீட்டர் உயர அணை. அங்கிருந்து தண்ணீர் சுரங்கம் வழியாகக் கண்ணன்குழியில் அமையும் மின் நிலையத்துக்குப் போகும். அங்கே தலா 80 மெகாவாட் திறனில் இரண்டு இயந்திரங்கள். அணையின் அடியிலேயே தலா 1.5 மெகாவாட்டில் இன்னும் இரண்டு. கண்ணன்குழி இருப்பது அருவிக்குக் கீழே என்பதைக் கவனியுங்கள். சுரங்கத்தில் போகும் தண்ணீர், அருவியைத் தொடாமலே ஆற்றில் சேரும். அருவிக்கென்று கொஞ்சம் தண்ணீர் விடுவோம் என்பது வாரியத்தின் வாக்குறுதி.

எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்?

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 163 மெகாவாட் நிலையம் வருஷம் முழுக்க நிற்காமல் ஓடினால் சுமார் 143 கோடி யூனிட் வரும். வாரியத்தின் மதிப்பீடோ ஆண்டுக்கு சுமார் 23.3 கோடி யூனிட்தான். அதாவது முழுத் திறனில் 16 சதவீதம். நாள் கணக்கில் சொன்னால், முழு வேகத்தில் 4 மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு.

வாரியத்தின் பதிலையும் கேட்க வேண்டும். தேவையான மின்சாரத்தில் பெரும்பகுதியைக் கேரளா வெளியிலிருந்து வாங்குகிறது. மாலையில் எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் விளக்கும் ஏசியும் ஓடும்போது, உடனே முடுக்கிவிட நீர்மின்சாரம்தான் வசதி. சூரியசக்தி அந்த நேரத்தில் கைகொடுக்காது. நியாயமான வாதம்தான். கேள்வி, அந்த 4 மணி நேரத்துக்கு என்ன விலை என்பது.

காட்டுக்கு என்ன ஆகும்?

சுமார் 138 ஹெக்டேர் வனநிலம் தேவை. ஒரு பெரிய அணைக்கு இது குறைவுதானே என்று தோன்றும். ஆனால், பரப்பளவை மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது. மூழ்கப்போவதில் ஆற்றங்கரைக் காடும் உண்டு. தாழ்வான உயரத்தில் உள்ள இப்படிப்பட்ட கரைக்காடு மேற்குத் தொடர்ச்சி மலையில் மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. வெட்டிய மரத்துக்குப் பதிலாக வேறெங்கோ கன்று நட்டு இதை ஈடுகட்ட முடியாது.

தென்னிந்தியாவில் காணப்படும் நான்கு வகை இருவாச்சிப் பறவைகளும் இந்தக் காட்டில் இருக்கின்றன. பெரிய பொந்துள்ள பழைய மரங்களில்தான் இவை கூடு வைக்கும். பெண் பறவை பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்க, ஆண் பழம் கொண்டுவந்து ஊட்டும். பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போடுவதால் காட்டை நடுவதும் இவைதான். பரம்பிக்குளம், பூயம்குட்டி காடுகளுக்கு இடையே யானைகள் போய்வரும் வழியும் இந்தப் பகுதிதான்.

காடர்கள் யார்?

இந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிகள். தேன், குங்கிலியம், மீன் என்று காட்டையும் ஆற்றையும் நம்பி வாழ்பவர்கள். ஆனைமலையில், தமிழ்நாட்டுப் பக்கமும் இருக்கிறார்கள். கேரளாவில் 'குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடிய பழங்குடி' பட்டியலில் உள்ளவர்கள். மொத்தமே சில ஆயிரம் பேர்தான். ஒரு காலத்தில் இருவாச்சிக் குஞ்சுகளைப் பிடித்தவர்களே, 2000-களில் இருந்து வனத்துறையோடு சேர்ந்து கூடுகளைக் காவல் காக்கிறார்கள்.

அவர்களுக்கு அணை புதுசில்லை. இந்த ஆற்றுப் படுகையில் ஏற்கெனவே ஆறு அணைகள்: பெரிங்கல்குத்து, கேரள சோலையாறு, தமிழ்நாடு சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம். ஒவ்வொன்று எழும்பும்போதும் காடர் குடும்பங்கள் இடம் மாறின. அதற்கும் முன்னால், மரம் கொண்டுபோக கொச்சி சமஸ்தானம் போட்ட ட்ராம் பாதை. புதிய அணை வந்தால் வாழச்சால், பொகலப்பாறை குடியிருப்புகளுக்கு நேரடிப் பாதிப்பு.

இது இவர்கள் கதை மட்டும் இல்லை. உலகம் முழுக்கப் பெரிய அணைகளால் இடம்பெயர்ந்தவர்கள் 4 முதல் 8 கோடி என்று உலக அணைகள் ஆணையம் 2000-ல் மதிப்பிட்டது. இந்திய மக்கள்தொகையில் பழங்குடிகள் 8.6 சதவீதம். ஆனால், திட்டங்களுக்காக இடம்பெயர்ந்தவர்களில் அவர்களின் பங்கு இதைவிடப் பல மடங்கு.

தமிழ்நாட்டுக்கு என்ன சம்பந்தம்?

மேலே சொன்ன ஆறில் நான்கு அணைகள் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தைச் சேர்ந்தவை. பரம்பிக்குளம் அணை இருப்பது கேரள மண்ணில், இயக்குவது தமிழ்நாடு. அந்தத் தண்ணீர்தான் பொள்ளாச்சி, உடுமலை தோட்டங்களுக்குப் பாய்கிறது. நீங்கள் குடிக்கும் பொள்ளாச்சி இளநீரில் சாலக்குடி ஆற்றுக்கும் பங்குண்டு. இதற்காக யாரும் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டாம். ஆனால், அந்தத் தண்ணீருக்காக ஊர் விட்டவர்கள் யார் என்று தெரிந்திருப்பது நல்லது.

ஏன் இன்னும் கட்டவில்லை?

- 1998: மத்திய அரசு அனுமதி. 2001-ல் உயர் நீதிமன்றம் ரத்து.
- 2005: மீண்டும் அனுமதி. மக்கள் கருத்துக் கேட்பு முறைப்படி நடக்காததால் 2006-ல் ரத்து.
- 2007: மூன்றாவது அனுமதி. 2010-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் விளக்கம் கேட்டு நோட்டீஸ்.
- 2011: 'அனுமதிக்கக் கூடாது' என்றது மாதவ் காட்கில் குழு. கஸ்தூரிரங்கன் குழு 2013-ல், புதிதாக ஆய்வு செய்து பரிசீலிக்கலாம் என்றது.
- 2017: அனுமதி காலாவதி.
- 2020: முயற்சியைத் தொடர மின் வாரியத்துக்கு மாநில அரசு 7 ஆண்டுத் தடையில்லாச் சான்று. எதிர்ப்புக்குப் பிறகு, கருத்தொற்றுமை இல்லாமல் நிறைவேற்ற மாட்டோம் என்றது.

இதற்கு நடுவே, பெரிதாகப் பேசப்படாத ஒரு திருப்பம். 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ், வாழச்சால் வனக்கோட்டத்தின் 9 குடியிருப்புகளுக்கு 2014-ல் சமூக வன உரிமை கிடைத்தது. சுமார் 400 சதுர கிலோமீட்டர் காடு. அதை வைத்து காடர்களின் கிராம சபைகள் அணையை எதிர்த்தன. வாழச்சால் ஊர்மூப்பத்தி கீதா நீதிமன்றப் படியும் ஏறினார். பழைய ஆறு அணைகளுக்கு யாரும் இவர்களிடம் கேட்கவில்லை. ஏழாவதுக்குக் கேட்டாக வேண்டும்.

அடுத்து என்ன?

அந்த 7 ஆண்டுக் கெடு 2027-ல் முடிகிறது. திட்டம் மறுபடி உயிர்பெற வேண்டுமென்றால் சுற்றுச்சூழல் அனுமதியை முதலில் இருந்து வாங்க வேண்டும். அப்படி ஒரு செய்தி உங்கள் போனில் வந்தால், மெகாவாட்டை மட்டும் பார்க்காதீர்கள். வருஷத்துக்கு எத்தனை யூனிட், கிராம சபை என்ன சொன்னது என்ற இரண்டையும் தேடிப் பாருங்கள்.