லைலோ விடைபெற்ற கதை

கணிப்பொறியின் விசையை அழுத்தியதும் அதனை நடத்தும் இயக்க முறைமை தானாகவே எழுந்து வந்துவிடுவதில்லை. வட்டில் கிடக்கும் அதனை எடுத்து நினைவகத்தில் ஏற்றிவிட ஒரு சிறு நிரல் வேண்டும். அதற்குத் துவக்க ஏற்றி என்று பெயர். அத்தகைய பழைய ஏற்றி ஒன்று விடைபெற்ற வரலாற்றை இன்று நாம் காண்போம்.

லினக்ஸ் என்னும் இயக்க முறைமை 1991ஆம் ஆண்டில் பிறந்தது. மறு ஆண்டில் வெர்னர் அல்மெஸ்பெர்கர் என்பவர் அதற்காக லைலோ என்ற ஏற்றியை உருவாக்கத் தொடங்கினார். அது வேலை செய்யும்போது தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஒவ்வொன்றாகத் திரையில் காட்டும். இடையில் நின்றுவிட்டால், நின்ற எழுத்தைக் கொண்டே கோளாறு எந்தக் கட்டத்தில் என்று அறியலாம்.

ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. லைலோவுக்குக் கோப்புகளின் பெயரைப் பார்த்துத் தேடத் தெரியாது. வட்டில் அவை இருக்கும் இடத்தை மட்டுமே அது முன்னதாகக் குறித்து வைத்துக்கொள்ளும். தோட்டத்துக் கிராணி ஆட்களின் பெயரை விட்டு, லயத்து வீட்டு எண்ணை மட்டும் எழுதி வைத்தால் என்ன ஆகும்? குடும்பம் வீடு மாறியதும் அந்தக் குறிப்பு பயன்படாது. அதுபோலவே, லினக்ஸின் கருவை மாற்றியவர் லைலோவை மீண்டும் ஒருமுறை இயக்க மறந்தால், அடுத்த முறை கணிப்பொறி எழாமலே போகலாம்.

1995இல் எரிக் போலின் தொடங்கிய குரப் என்னும் ஏற்றியோ கோப்புகளைப் பெயரைக் கொண்டே தேடி எடுத்தது. 2001இல் வெளிவந்த ரெட் ஹாட் லினக்ஸ் 7.2 லைலோவுக்குப் பதிலாகக் குரப்பையே முதன்மையாக ஏற்றது. பின்னர் வட்டுகளைப் பிரிக்கும் முறையும் மாறியது. புதிய கோப்பு முறைமைகளும் வந்தன. லைலோவால் அவற்றுக்கு ஈடுகொடுக்க இயலவில்லை.

அப்போது அதனைப் பேணி வந்தவர் யோவாகிம் வீடோர்ன். 2015 டிசம்பருடன் பணியை நிறுத்தப்போவதாக அவர் முன்கூட்டியே அறிவித்தார்; காரணங்களையும் கூறினார்; தொடர்ந்து நடத்த விரும்புவோர் முன்வரலாம் என்றும் அழைத்தார். சிலாக்வேர் என்னும் லினக்ஸ் வெளியீடோ 2022இல் வந்த தன் 15.0 பதிப்பிலும் லைலோவைக் கைவிடவில்லை.

நேயர்களே, பழைய கருவிக்கு ஓய்வு கொடுப்பது காலத்தின் தேவை. ஆனால் அதனையே நம்பியிருப்போரின் கணிப்பொறி ஒரு நாள் காலையில் திடீரென எழாமல் போய்விடக் கூடாது. மாறிக்கொள்ள அவர்களுக்குக் காலம் வேண்டும். அதை அளிப்பது கைவிடுவோரின் கடமை. அறிவிப்பைப் படித்து, வேண்டியவற்றைப் படியெடுத்து வைத்துக்கொண்டு மாறுவது நம் கடமை.