முகவரி மாறிய அச்சுப்பொறி

யாழ்ப்பாணத்தில் ஒருவர் மறைந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடைபெறும். அன்று வருவோர் கைகளில் சிறு நூலொன்று கொடுக்கப்படும். அதனைக் 'கல்வெட்டு' என்பர். தேவார திருவாசகங்கள், மறைந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி ஆகியன அதில் இடம்பெறும். பிழைகள் எங்கே நேர்ந்தாலும் மன்னிப்பு உண்டு. வம்சாவளியில் நேர்ந்தால் மன்னிப்பு இல்லை. ஒரு பெயர் விடுபட்டால் ஒரு குடும்பமே மூன்று தலைமுறைக்கு முகம் கொடுத்துப் பேசாது.

என் மூத்த தமக்கையார் காலமானபோது அவருடைய கல்வெட்டைத் தொகுக்கும் பொறுப்பு என்மீது விழுந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் துறையில் இருந்தவன் என்பதே காரணம். மூலப்படியைக் கணினியில் ஆயத்தம் செய்துவிட்டேன். ஆனால் பிழை திருத்த வேண்டிய முதியவர்கள் கணினித் திரையில் வாசிப்பவர்கள் அல்லர். பெரிய எழுத்தில், தாளில், கையில் கொடுத்தால்தான் அவர்களுடைய நினைவு வேலை செய்யும். அந்தியேட்டிக்கு ஒன்பது நாட்களே இருந்தன.

என் வீட்டில் ஒரு லேசர் அச்சுப்பொறி உண்டு. மூடப்பட்ட ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பொருட்களுள் ஒன்றாக அது என்னிடம் வந்து சேர்ந்தது. இரும்புப் பெட்டி போன்ற கனம். பின்புறத்தில் வலையமைப்புக் கம்பியைச் செருகும் துளை இருந்தது. அதனை வீட்டு ரௌட்டருடன் இணைத்தேன். விளக்கு எரிந்தது, கணினியோ அப்படியொரு பொறி இருப்பதையே அறியவில்லை. பழுது பார்ப்பவர் வந்து பார்த்து, "இது பழசு ஐயா, இனிச் சரிவராது, புதிசொன்று வாங்குங்கோ" என்று சொல்லிப் போனார்.

அச்சுப்பொறி இருக்கிறது, அதனோடு பேசத் தெரிந்தவர் இல்லை. யாழ்ப்பாணத்து அச்சு வரலாறு தொடங்கியதே இவ்வாறுதான் என்பதை அன்றிரவு எண்ணிப் பார்த்தேன்.

1820ஆம் ஆண்டு. அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் காலூன்றி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பாடசாலைகளுக்குப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்கு அச்சகம் வேண்டும். அதற்கென ஜேம்ஸ் கரட் என்ற அச்சாளர் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தார். ஆனால் இலங்கையின் ஆட்சிப் பொறுப்பில் அப்போது இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் அவர் தங்குவதற்கு அனுமதி மறுத்தார். மூன்று மாதங்களுக்குள் வெளியேற வேண்டும் என்பது கட்டளை. கரட் பம்பாய் சென்றார். அங்கிருந்த மிசன் அச்சகத்தில் பணியாற்றி 1831இல் அங்கேயே காலமானார். அச்சு இயந்திரம் நல்லூரிலிருந்த இங்கிலாந்துச் சேர்ச் மிசனரிச் சங்கத்தாரின் கைக்குப் போயிற்று.

அச்சுப்பொறியைத் தடை செய்வதைவிட அச்சாளரைத் தடை செய்வது இலகு என்பதை அந்த ஆட்சியாளர் அறிந்திருந்தார். அமெரிக்கர் தமக்கென ஓர் அச்சாளரைப் பெறுவதற்கு மேலும் பதினான்கு ஆண்டுகள் சென்றன. 1834இல் ஈஸ்ற்மன் ஸ்ரோங் மைனர் வந்த பின்னரே மானிப்பாயில் அமெரிக்க மிசன் அச்சகம் முறையாக இயங்கத் தொடங்கியது. அதன் பின்பு நடந்தவை விரைவாக நடந்தன. 1841 ஜனவரி 7ஆம் திகதி 'உதயதாரகை' வெளிவந்தது. அதன் ஆசிரியர்களாக அமர்ந்த ஹென்றி மார்ட்டினும் செத் பேசனும் இந்த மண்ணின் மைந்தர்கள். அடுத்த ஆண்டில் 'மானிப்பாய் அகராதி' என்று வழங்கும் யாழ்ப்பாண அகராதி வெளியாயிற்று.

இந்த வித்தையை மிசனரிமாரிடம் மட்டும் விட்டுவைத்தல் ஆகாது என்று உணர்ந்தவர் ஆறுமுக நாவலர். பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த நாட்களிலேயே அச்சின் வலிமையை அவர் அருகிலிருந்து கண்டிருந்தார். 1849இல் அச்சு இயந்திரம் வாங்குவதற்காகச் சென்னைக்குப் பயணமானார். அப்பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு 'நாவலர்' பட்டம் வழங்கியது. திரும்பி வந்து வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். ஒரே வகையான இயந்திரம், ஒரே வகையான ஈய எழுத்து. ஒரு பக்கம் விவிலியம், மறுபக்கம் சைவ வினாவிடை. இயந்திரம் எவருக்கும் பணி செய்தது. அதனை இயக்கும் அறிவு பூட்டி வைக்கப்படாததே காரணம்.

இனி, கணினி அச்சுப்பொறியின் கதைக்கு வருவோம். அதிலும் இதே வழக்குத்தான்.

தொடக்கத்தில் ஒரு கணினிக்கு ஓர் அச்சுப்பொறி. இரண்டுக்கும் இடையே தடித்த கம்பி. லேசர் அச்சுப்பொறிகள் வந்தபோது அவற்றின் விலை அலுவலகங்களை மலைக்க வைத்தது. ஆகவே ஒன்றை வாங்கிப் பலர் பகிர்ந்துகொள்ளும் தேவை எழுந்தது. 1985இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட லேசர்ரைற்றர் அவ்வாறு பகிர்வதற்கென்றே அமைந்தது. 1991இல் எச்.பி. நிறுவனம் 'ஜெட்டைரக்ட்' என்ற வலையமைப்பு அட்டையை அறிமுகம் செய்தது. அச்சுப்பொறிக்குக் கணினியின் தயவு இல்லாமலே வலையமைப்பில் தனி முகவரி கிடைத்தது. அந்த முகவரியில் 9100 என்னும் எண்ணுடைய வாசலுக்கு எதை அனுப்பினாலும் அச்சுப்பொறி அதனை வாங்கிக்கொள்ளும். இந்த எளிய வழக்கத்தைப் பிற நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வாசல் இன்னமும் திறந்தே இருக்கிறது.

முகவரி ஒன்று, மொழி மற்றொன்று. போஸ்ற்ஸ்கிரிப்ற், பி.சி.எல். என்பன அக்கால அச்சுப்பொறிகள் விளங்கிக்கொண்ட மொழிகள். அவற்றின் இலக்கணம் வெளிப்படையாக அச்சிடப்பட்டது. ஆகவே எவரும் அம்மொழிகளில் பேசும் மென்பொருளை எழுதலாம். பிற்காலத்தில் மலிவு விலையில் வந்த பல பொறிகளுக்குச் சொந்த மொழி கிடையாது. சிந்திக்கும் வேலையைக் கணினியிலுள்ள இயக்கி மென்பொருளே செய்யும். புதிய கணினிக்கு ஏற்ற இயக்கியை உற்பத்தியாளர் எழுதாமல் விட்டால், பாகங்கள் யாவும் நலமாக இருக்கும்போதே அச்சுப்பொறி ஊமையாகிவிடும்.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வேர்களில் ஒன்று இத்தகைய ஓர் அனுபவமே. 1980 அளவில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஆய்வுகூடத்துக்கு செறொக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் சிக்கும்போது பயனாளருக்கு அறிவிக்கும்படி அதன் மென்பொருளைத் திருத்த ரிச்சர்ட் ஸ்ரோல்மன் விரும்பினார். மூல நிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. அந்தக் கசப்பும் சேர்ந்தே 1983இல் அவரைக் கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றை அறிவிக்கத் தூண்டியது. கரட்டுக்கு மறுக்கப்பட்டது தங்கும் உரிமை. ஸ்ரோல்மனுக்கு மறுக்கப்பட்டது வாசிக்கும் உரிமை. விளைவு ஒன்றே: பொறி இருந்தது, அதனைத் தன் விருப்பப்படி இயக்கும் வழி இல்லை.

யாழ்ப்பாணத்தவருக்கு இதனை விளக்க நீண்ட உரை வேண்டியதில்லை. 1981 யூன் தொடக்கத்தில் பொது நூலகம் எரிக்கப்பட்ட அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகையின் அலுவலகமும் தீக்கிரையாயிற்று. 1987 ஒக்டோபரில் 'ஈழமுரசு', 'முரசொலி' பத்திரிகைகளின் அச்சகங்களை இந்தியப் படையினர் வெடி வைத்துத் தகர்த்தனர். 1990இல் மின்சாரம் நின்றது. பல பொருட்களுக்குத் தடை வந்தது. பத்திரிகைத் தாள் கிடைக்காதபோது பாடசாலை அப்பியாசக் கொப்பிக்குரிய கோடிட்ட தாளில் பத்திரிகை வெளிவந்தது. கோடுகளுக்கு மேல் தலைப்புச் செய்தி அமர்ந்திருந்த அந்தப் பிரதிகளை வாசித்தவர்கள் இன்றும் மறந்திருக்க மாட்டார்கள்.

அக்காலத்தில் எங்களைக் காப்பாற்றியது புதிய இயந்திரம் அன்று. பழைய இயந்திரத்தின் உள்ளறிவு. சைக்கிளை மிதித்து டைனமோவில் வானொலி கேட்டோம். மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம். எந்தப் பொருளையும் எறியும் முன்பு திறந்து பார்க்கும் வழக்கம் அந்த ஆண்டுகளில் எங்களுக்குப் படிந்தது. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபோது கணினிகளும் அச்சுப்பொறிகளும் தாராளமாக வந்தன. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டபோது மை முதல் தாள் வரை யாவும் மீண்டும் அருமையாயின. ஆண்டுகள் கடந்து இன்று கடைகளில் எல்லாம் கிடைக்கிறது. "புதிசு வாங்குங்கோ" என்ற சொல்லும் கூடவே வந்துவிட்டது.

என் தங்கையின் மகன் வலையமைப்புத் தொழில் தெரிந்தவன். செத்த வீட்டுக்கு வந்து நின்றவனிடம் விடயத்தைச் சொன்னேன். அவன் கணினியைத் தொடவில்லை. அச்சுப்பொறியின் சிறு பலகையில் உள்ள பொத்தான்களை அழுத்தி, அதன் அமைப்பு விபரங்களை அதனைக் கொண்டே ஒரு தாளில் அச்சிட்டான். பொறி நலமாகவே இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. தாளைப் பார்த்துச் சிரித்தான்.

"மாமா, இது சாகேல்லை. இன்னமும் பழைய கந்தோரின்ர விலாசத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்குது."

காரணம் அவ்வளவுதான். அந்த அலுவலகத்தில் எவரோ கையால் நிலையான முகவரி ஒன்றை எழுதி வைத்திருந்தார். எங்கள் வீட்டு ரௌட்டர் வழங்கும் முகவரிகள் 192.168.1 என்று தொடங்குபவை. இதன் முகவரி வேறொரு வலையமைப்புக்குரியது. ஒரே கம்பியில் இருந்தும் ஒன்றையொன்று அறியாத நிலை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த எத்தனையோ பேர், பத்து இருபது ஆண்டுகள் வேறிடங்களில் வாழ்ந்த பின்னரும், ஊர் எது என்று கேட்டால் விட்டு வந்த வீட்டின் ஒழுங்கையைத்தான் சொல்வார்கள். அவர்களில் பலரைச் செய்திக்காகச் சந்தித்தவன் நான். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

இதே சிக்கலில் அகப்பட்டிருக்கும் வாசகர்களுக்காக அவன் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். முதலில், அச்சுப்பொறியின் பலகையிலேயே பழைய முகவரியை நீக்கி, ரௌட்டரிடமிருந்து முகவரியைத் தானே கேட்டுப் பெறும்படி மாற்றினான். பின்பு ரௌட்டரின் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று, அந்தப் பொறிக்கு எப்போதும் ஒரே முகவரியைக் கொடுக்கும்படி ஒதுக்கி வைத்தான். இல்லாவிடில் மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு தடவையும் முகவரி மாறக்கூடும். மூன்றாவதாக, கணினி தானாகத் தேடிக் கண்டுபிடிக்கும் என்று காத்திராமல், முகவரியைக் கையால் எழுதி, 9100ஆம் வாசலைக் குறிப்பிட்டான். நான்காவதாக, அந்தப் பொறிக்கென்று தனி இயக்கியைத் தேடாமல், அது விளங்கிக்கொள்ளும் போஸ்ற்ஸ்கிரிப்ற் மொழிக்குரிய பொது இயக்கியைத் தெரிவு செய்தான்.

கைத்தொலைபேசியிலிருந்தும் அச்சிட விரும்புவோர், இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு கணினியைத் துபாசியாக அமர்த்தலாம். 'கப்ஸ்' என்னும் கட்டற்ற மென்பொருள் அந்த வேலையைச் செய்யும். ஓர் எச்சரிக்கையும் உண்டு. 9100ஆம் வாசலுக்குக் காவலாளி இல்லை. அதனை வீட்டுக்கு வெளியே இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது. 2018இன் இறுதியில் அவ்வாறு திறந்து கிடந்த அச்சுப்பொறிகளில் ஒருவர் விளம்பரம் ஒன்றை அச்சிட்டார். அவை ஏறத்தாழ 50,000 என்று அவரே கூறிக்கொண்டார்.

அரை மணித்தியாலத்துக்குள் முதற்பக்கம் வெளிவந்தது. அதில் தமக்கையாரின் வரலாறு சரியாக இருந்தது. அவர் முன்பு எழுதி வைத்திருந்த ஊர்க் குறிப்பு மட்டும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வந்தது. பாமினி எழுத்துருவில் அவர் தட்டச்சுச் செய்ததை நான் மறந்திருந்தேன். என் புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லை. அதனை ஒருங்குறிக்கு மாற்றியதும் தமிழ் தமிழாக வந்தது. அச்சுப்பொறியைக் குறை சொல்ல இடமில்லை. கொடுத்ததைத்தான் அது கொடுத்தது.

பதினெட்டுப் புள்ளி அளவில் அச்சிட்ட வம்சாவளியை மறுநாள் எங்கள் சின்னம்மாவிடம் கொண்டு போனேன். தொண்ணூறை எட்டும் வயது. மூக்குக்கண்ணாடியை ஏற்றி, விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. தமக்கையாருக்கும் எனக்கும் இடையில் ஓர் ஆண் குழந்தை பிறந்து, இரண்டு வயதில் காய்ச்சலில் இறந்தது என்றார். அதன் பெயரையும் சொன்னார். எழுபது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் எவரும் உச்சரிக்காத பெயர். அதற்குப் பின் பிறந்தவன் நான் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அவர் திரையில் வாசித்திருக்க மாட்டார். அச்சுப்பொறியைக் கழித்துவிட்டுப் புதியதுக்குக் காத்திருந்தால் அந்தியேட்டியும் முடிந்திருக்கும்.

2005இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் பேணி வருகிறது. கல்வெட்டுகளுக்கும் அங்கே இடம் உண்டு. தமக்கையாரின் கல்வெட்டையும் அங்கே சேர்ப்பிக்க எண்ணியுள்ளேன். வம்சாவளியில் அந்தக் குழந்தையின் பெயர் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் மூலையில் ஒரு பழைய அச்சுப்பொறி கிடக்கலாம். எறியும் முன்பு அதனைக் கொண்டே ஒரு தாளை அச்சிடச் செய்து, அது எந்த விலாசத்தைச் சொல்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.